'லோடு' என்ற ஆங்கிலச் சொல்: பிறப்பும் பொருள்களும்

ஆங்கிலத்தில் சுமையைக் குறிக்க அன்றாடம் வழங்கும் 'லோடு' என்ற சொல் எங்கிருந்து வந்தது, வண்டியில் ஏற்றும் சரக்கையும் மின்சாரத்தின் பளுவையும் கணினியில் நிரல் ஏறுவதையும் அது ஒன்றே எப்படிக் குறிக்கிறது, பன்மையில் 'லோட்ஸ்' என்றால் 'ஏராளம்' என்ற பொருள் ஏன் வருகிறது, 'பர்டன்' என்ற சொல்லிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது என்பவை கேள்வி. சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். 'லோடு' பிறந்தபோது அதற்குப் பாரம் என்ற பொருளே கிடையாது. வழி, செல்கை, பயணம் என்பவையே அதன் பழம்பொருள்கள். பாரம் என்ற பொருள் பிற்காலத்தில், வேறொரு சொல்லின் நெருக்கத்தால் அதன்மேல் ஏறியது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பார்வைக்குச் சிதறிக் கிடக்கும் பல பொருள்கள் ஒரு நூலில் கோத்தவை போலத் தெரியும்.

பழைய ஆங்கிலத்தில், அதாவது ஏறத்தாழ 1100க்கு முந்தைய ஆங்கிலத்தில், இச்சொல் 'லாட்' என்ற வடிவில் இருந்தது. 'லா' நெடில். வழி, போக்கு, பயணம், கொண்டுசெல்லுதல் ஆகியவை அதன் பொருள்கள். 'பேவுல்ஃப்' என்ற பழங்காவியத்தில் கடற்பயணத்தைக் குறிக்க 'பிரிம்லாட்', 'ஸேலாட்', 'ஈத்லாட்' என்ற தொகைச்சொற்கள் வருகின்றன. முதற்பகுதி கடலையோ அலையையோ குறிக்க, பின்னால் நிற்கும் 'லாட்' செல்கையைக் குறிக்கிறது. அந்த வீரர்கள் கடல்மேல் போன பயணம்தான் அங்கே பேசப்படுகிறது. அவர்கள் எதையும் சுமந்தார்களா என்பதற்கும் அச்சொல்லுக்கும் தொடர்பில்லை.

'லாட்' எப்படி 'லோடு' ஆயிற்று என்பது ஆங்கில ஒலி வரலாற்றின் மிக ஒழுங்கான மாற்றங்களில் ஒன்று. பழைய ஆங்கிலத்தின் நெடில் 'ஆ' ஒலி, இங்கிலாந்தின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் 'ஓ' என்று திரிந்தது. கல்லைக் குறித்த 'ஸ்டான்' இன்று 'ஸ்டோன்'. வீட்டைக் குறித்த 'ஹாம்' இன்று 'ஹோம்'. படகைக் குறித்த 'பாட்' இன்று 'போட்'. அதே வரிசையில் 'லாட்' என்பது 'லோடு' ஆனது. வடக்கில் இம்மாற்றம் நிகழவில்லை. ஆகவேதான் ஸ்காட்லாந்தில் ஆலைச் சக்கரத்துக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்க்கு 'லேடு' என்ற பெயர் இன்னும் இருக்கிறது. அதுவும் அந்தப் பழைய 'லாட்'தான், நீர் செல்லும் வழி என்ற பொருளில்.

இங்கே 'ரோடு' என்ற சொல்லையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் அது 'லோடு' நடந்த பாதையில் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'ராட்' என்றால் குதிரைச் சவாரி, சவாரியாகப் போகும் பயணம். பாதை என்ற பொருள் அதற்கு 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் நிலைபெற்றது. வழியைக் குறித்த சொல் சுமைக்குப் போக, சவாரியைக் குறித்த சொல் வழிக்கு வந்தது. ஒரு மொழியில் சொற்கள் தனித்தனியாக மாறுவதில்லை, ஒன்று நகரும்போது அடுத்ததும் இடம் மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து ஆங்கிலத்தில் குறைவு.

'லாட்' என்ற சொல்லுக்கு மிக நெருங்கிய உறவு, முன்னின்று அழைத்துச் செல்லுதல் என்ற பொருள்படும் 'லீட்' என்னும் வினை. இவ்வுறவைத் தமிழ் இலக்கணம் அறிந்தவர்கள் எளிதில் பிடித்துக்கொள்வார்கள். தமிழில் 'நட' தன்வினை, 'நடத்து' பிறவினை. 'செல்' தன்வினை, 'செலுத்து' பிறவினை. ஜெர்மானிய மொழிகளின் மூதாதையிலும் 'செல்' என்ற பொருளுடைய ஒரு வினை இருந்தது. அதன் பிறவினை வடிவமே 'லீட்', அதாவது 'செல்லச் செய்'. செல்லுதலைக் குறித்த பெயர்ச்சொல் 'லாட்'. ஐஸ்லாந்து மொழியில் 'லெய்த்' என்றால் இன்றும் வழி. ஜெர்மனில் 'லைட்டன்' என்றால் வழிநடத்து. எழுத்தில் 'லீட்' போலவே தோன்றும் ஈயத்தின் பெயரான 'லெட்' இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஈயம் கனமானது, சுமையும் கனமானது, எனவே இரண்டும் ஒரே வேர் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த ஒற்றுமை தற்செயலானது.

இனி, எழுத்தில் மட்டும் வேறுபட்டு ஒலியில் ஒன்றாக நிற்கும் இரட்டைச் சொல்லுக்கு வருவோம். சுமைச் சொல்லை ஆங்கிலத்தில் எல்-ஓ-ஏ-டி என்று எழுதுகிறார்கள். எல்-ஓ-டி-ஈ என்று எழுதப்படும் இன்னொரு சொல்லும் உண்டு. குழப்பம் வராதிருக்க முன்னதை 'லோடு' என்றும் பின்னதை 'லோட்' என்றும் இங்கே எழுதுகிறேன். இரண்டும் பிறப்பில் ஒரே சொல். 16ஆம் நூற்றாண்டுவாக்கில் எழுத்துமுறை மெல்ல நிலைபெற்றபோது, சுமை என்ற புதுப்பொருள் ஓர் எழுத்துக்கும், வழி என்ற பழம்பொருளின் மிச்சங்கள் மற்றோர் எழுத்துக்கும் ஒதுங்கின. ஆகவே பழைய பொருளைப் பார்க்க விரும்புகிறவர்கள் 'லோட்' என்ற வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும்.

துருவ நட்சத்திரத்துக்கு 'லோட்ஸ்டார்' என்று பெயர்: வழி காட்டும் விண்மீன். இயற்கைக் காந்தக் கல்லுக்கு 'லோட்ஸ்டோன்' என்று பெயர்: வழி காட்டும் கல். அக்கல்லில் தேய்த்துக் காந்தமேற்றிய ஊசி மாலுமிக்குத் திசை காட்டியதால் வந்த பெயர் அது. கல்லின் கனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. சுரங்கத் தொழிலில் பாறை இடுக்கில் நீண்டு ஓடும் தாதுப் படிவுக்கு 'லோட்' என்று பெயர். சுரங்கத் தொழிலாளி அந்தப் படிவைப் பின்தொடர்ந்தே தோண்டிக்கொண்டு போகிறான். அது அவனுக்கு வழி. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையடிவாரத்தில் ஏறக்குறைய 190 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் தங்கத் தாதுப் பட்டைக்கு 'மதர் லோட்' என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டில் வழங்கியது. பின்னர் எந்தப் பெருஞ்செல்வத்தின் ஊற்றையும் குறிக்கும் தொடராக அது பரவிவிட்டது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயர் சதுப்பு நிலங்களில் மனிதர்கள் வெட்டிய நீர்வழிகளுக்கும் 'லோட்' என்றே பெயர்: ரீச் லோட், பர்வெல் லோட், விக்கன் லோட் என்று வரைபடத்தில் இன்றும் காணலாம். படகுகள் சரக்கோடு சென்ற கால்வாய்கள் என்பதால் அவற்றைச் சுமையோடு தொடர்புபடுத்திப் பொருள் சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அங்கே பெயராக நிற்பது நீரின் வழிதான்.

கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவருபவனுக்கு இடைக்கால ஆங்கிலத்தில் 'லோட்ஸ்மன்' என்று பெயர். 14ஆம் நூற்றாண்டின் கவிஞர் சாஸர், தம் கேன்டர்பரி கதைகளின் முன்னுரையில் ஒரு மாலுமியின் திறமைகளை அடுக்கும்போது, வழிகாட்டும் கலைக்கு 'லோட்மெனாஜ்' என்ற சொல்லை ஆளுகிறார். ஆங்கிலம் 'லோட்ஸ்மன்' என்ற சொல்லை இழந்துவிட்டு 'பைலட்' என்ற வேற்றுச் சொல்லை எடுத்துக்கொண்டது. ஆனால் இழக்கும் முன்பே அது கடல் கடந்து போயிருந்தது: டச்சு மொழியின் 'லோட்ஸ்', ஜெர்மனின் 'லோட்ஸெ' இரண்டும் அதன் வழியில் வந்தவை. விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவருக்கு ஜெர்மனில் இன்று 'ஃப்ளூக்லோட்ஸெ' என்று பெயர்.

எனக்கு மிகவும் பிடித்த எச்சம் 'லைவ்லிஹுட்' என்ற சொல். பிழைப்பு, வாழ்வாதாரம் என்ற பொருளில் வழங்கும் இதன் இறுதியில் இருப்பது 'சைல்ட்ஹுட்' போன்றவற்றில் நிலையைக் குறிக்கும் 'ஹுட்' விகுதி என்றே பார்ப்பவர் எண்ணுவர். பழைய ஆங்கிலத்தில் இது 'லீஃப்லாட்': 'லீஃப்' என்றால் உயிர்வாழ்க்கை, 'லாட்' என்றால் வழி. வாழும் வழி. இடைக்காலத்தில் இது 'லைவ்லோட்' என்று வழங்கி, பின்பகுதியின் பொருள் மக்களுக்கு மறந்துபோன 16ஆம் நூற்றாண்டில், பழகிய விகுதியின் சாயலுக்கு மாற்றப்பட்டது. 'வாழ்வழி' என்று தமிழில் ஒரு சொல் ஆக்கினால் அதன் மூலப்பொருள் அப்படியே வந்துவிடும்.

வழி எப்போது, எப்படிச் சுமை ஆயிற்று? இந்த மாற்றத்தின் நடுப்படியாக ஒரு பொருள் உண்டு: கொண்டுசெல்லுதல், வண்டியோட்டிக் கொடுத்தல். 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நிலவுரிமைக் குறிப்பு ஒன்று, நிலக்கிழாருக்குக் குடியானவர் செய்ய வேண்டிய கடமைகளைப் பட்டியலிடும்போது, சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஊழியத்தையும் சொல்கிறது. 'லாட்' என்ற பெயரும் 'லீட்' என்ற வினையின் பழைய வடிவமும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. செலவைச் செலுத்துதல் என்று சொல்லலாம், 'செலவு' என்ற சொல்லைப் பயணம் என்ற அதன் பழந்தமிழ்ப் பொருளில் எடுத்துக்கொண்டால். அவ்வாறு வண்டியோட்டும்போது, போவதைக் குறித்த சொல் போகும் வண்டியில் உள்ளதையும் குறிக்கத் தொடங்குவது மிகச் சிறிய அடிதான்.

தமிழிலும் இது அப்படியே நடந்திருக்கிறது. நடத்தலிலிருந்து வந்த 'நடை' என்ற சொல்லை, ஒரு முறை போய் வருவதற்கும், அப்படி ஒரு முறையில் கொண்டுவந்த அளவுக்கும் வழங்குகிறோம். 'மூன்று நடை மண் வந்தது', 'இன்னும் ஒரு நடை தண்ணீர் எடுக்க வேண்டும்' என்னும்போது, நடை என்பது காலால் நடப்பதையும் குறிக்கவில்லை, பயணத்தை மட்டும் குறிக்கவும் இல்லை. ஒரு பயணத்தில் வந்து சேர்ந்த மண்ணையும் தண்ணீரையும் அளக்கிறது. 13ஆம் நூற்றாண்டு தொடங்கி 'லோடு' பெற்ற பொருளும் இதுவே: ஒரு தடவையில் கொண்டுபோகும் அளவு.

எனினும் 'நடை' தமிழில் முழுச் சுமை ஆகிவிடவில்லை, 'லோடு' ஆகிவிட்டது. அதற்குக் காரணம் அருகிலேயே இருந்த இன்னொரு சொல். பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லடன்' என்றொரு வினை இருந்தது. ஏற்று, அடுக்கு, குவி என்பவை அதன் பொருள்கள். நீரை மொள்ளுதல் என்ற பொருளும் உண்டு. முதலில் இருந்த 'ஹ்' ஒலி தேய்ந்தபின் அது 'லேடு' ஆயிற்று; முன்பு சொன்ன ஸ்காட்லாந்துக் கால்வாயின் பெயரான 'லேடு' வேறு சொல். 'பாரம் ஏற்றப்பட்ட' என்ற பொருளில் வரும் 'லேடன்', கப்பல் வணிகத்தில் சரக்கை ஏற்றியதற்குச் சான்றாகும் 'பில் ஆஃப் லேடிங்' என்ற ஆவணம், குழம்பு மொள்ளும் கரண்டியான 'லேடில்' ஆகியவை அதன் வாரிசுகள். அதே வேரிலிருந்து வந்த 'ஹ்லேஸ்ட்' என்ற பெயர்ச்சொல் சுமையைக் குறித்தது. ஜெர்மனில் சுமைக்கு 'லாஸ்ட்', சரக்குந்துக்கு 'லாஸ்ட்வாகன்' என்று அது இன்றும் வாழ்கிறது. ஆங்கிலத்தில் அது மீனையும் தானியத்தையும் அளக்கும் 'லாஸ்ட்' என்ற பழைய அளவையாகச் சுருங்கிவிட்டது. கப்பல் நிலைகுலையாதிருக்க அடியில் இடும் 'பேலஸ்ட்' என்ற சொல்லின் பின்பகுதியும் இதுவே.

'லோடு' என்ற பெயரும் 'லேடு' என்ற வினையும் பிறப்பால் உறவில்லாதவை. ஒன்று செல்லுதலிலிருந்து வந்தது, மற்றது அடுக்குதலிலிருந்து வந்தது. ஆனால் ஒலியால் நெருங்கியவை, வண்டியோட்டியின் வாயில் ஒரே வேலையின்போது அடுத்தடுத்து வந்தவை. 'லேடு' செய்யப்படுவது 'லோடு' என்று மக்கள் கருதத் தொடங்கியதும், பெயர்ச்சொல் வினையின் பொருளை முழுதாக வாங்கிக்கொண்டது. பிறகு நிகழ்ந்தது இன்னும் கூர்ந்து பார்க்கத்தக்கது: பொருளை வாங்கிக்கொண்ட 'லோடு' தானே வினையாகவும் மாறி, பொருளைக் கொடுத்த 'லேடு' வினையை வழக்கிலிருந்து ஏறக்குறைய அகற்றிவிட்டது. இன்றைய ஆங்கிலத்தில் 'லேடு' தனி வினையாகக் கப்பல் வணிகத்துக்கு வெளியே அரிது. 'லேடன்' என்ற எச்ச வடிவம் மட்டும், சற்று இலக்கியச் சாயலோடு, பழம் தாங்கிய கிளைகளுக்கும் துயரம் நிறைந்த மனத்துக்கும் அடைமொழியாக நிற்கிறது. சரக்கு ஏற்றிய வண்டியைச் சொல்ல 'லோடட்' போதும்.

ஒரு தடவையின் அளவு என்ற பொருள் சந்தையில் திட்டமான அளவையாகவும் ஆனது. இங்கிலாந்தில் முன்பு ஒரு 'லோடு' வைக்கோலோ உலர்புல்லோ என்றால் 36 கட்டுகள். பழைய உலர்புல்லாக இருந்தால் கட்டு ஒன்றுக்கு 56 பவுண்டு, புதியதாக இருந்தால் ஈரத்தை ஈடுகட்ட 60 பவுண்டு, வைக்கோலாக இருந்தால் 36 பவுண்டு. செதுக்கிய மரம் 50 கன அடி ஒரு லோடு; செதுக்காத மரம் 40 கன அடி. பொருளுக்குப் பொருள் எண் மாறுவதைக் கவனித்தால், இங்கே எடையைவிட, ஒரு வண்டி ஒரு பயணத்தில் எவ்வளவு கொள்ளும் என்பதே அளவுக்கு அடிப்படை என்பது விளங்கும். சலவை இயந்திரத்தில் ஒரு முறை போடும் துணிக்கு ஆங்கிலத்தில் 'ஒரு லோடு' என்று சொல்வதும் இதே பொருளின் தொடர்ச்சி.

இதிலிருந்தே 'லோட்ஸ்' வருகிறது. வண்டி வண்டியாக என்று நாம் சொல்வது போல, பல தடவையளவு என்பது ஏராளம் என்றாயிற்று. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இவ்வழக்கு காணப்படுகிறது. இலக்கணத்தில் இதன் நடத்தை கற்பவர்களைத் தடுமாறச் செய்வதால் ஒரு குறிப்பு சொல்கிறேன். 'லோட்ஸ் ஆஃப்' என்பது பன்மை வடிவமாக இருந்தாலும், அதையடுத்து வரும் பெயரே வினையின் எண்ணைத் தீர்மானிக்கிறது. தண்ணீர், நேரம், பணம் போன்ற எண்ண முடியாத பெயர் வந்தால் வினை ஒருமை. மனிதர்கள், புத்தகங்கள் போன்றவை வந்தால் வினை பன்மை. சொல் தன் பெயர்த்தன்மையை இழந்து, 'நிறைய' என்பது போன்ற அளவுச் சொல்லாகிவிட்டதற்கு இதுவே அடையாளம். 'லோட்ஸ் பெட்டர்' என்று வினையடையைப் போலவும் பேச்சில் வருகிறது. இவை யாவும் பேச்சுநடைக்கு உரியவை. விண்ணப்பத்திலோ ஆய்வுக் கட்டுரையிலோ 'லோட்ஸ் ஆஃப்' என்று எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. ஒருமையில் 'எ லோடு ஆஃப்' என்று தொடங்கிக் குப்பை என்ற சொல்லை அடுத்து வைத்தால், கேட்டதெல்லாம் பிதற்றல் என்ற இகழ்ச்சி தொனிக்கும்.

ஏற்றுதல் என்ற வினைப்பொருள் தனியே கிளைத்தது. துப்பாக்கியில் மருந்தும் குண்டும் இடுதல் 17ஆம் நூற்றாண்டில் 'லோடு' ஆயிற்று. ஒரு பக்கம் கனம் கூடும்படி உள்ளே ஈயமிட்ட சூதுக்காய் 'லோடட் டைஸ்'. வெளிப்பார்வைக்குச் சமமாக இருந்து உள்ளே ஒரு பக்கம் சாயும் இந்தக் காயிலிருந்தே, விடையை முன்கூட்டியே உள்ளே ஒளித்து வைத்துக் கேட்கப்படும் 'லோடட்' கேள்வி என்ற வழக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். பணம் படைத்தவர், குடித்திருப்பவர் என்ற இரு கொச்சைப் பொருள்களும் 'லோடட்' என்பதற்கு உண்டு; இடம் அறிந்தே எது என்று தெளிய வேண்டும்.

புகைப்படக் கருவியில் படச்சுருள் இடுவதும், கணினியின் நினைவகத்துக்குள் நிரலைக் கொண்டுவருவதும் இவ்வேற்றுதலின் நீட்சியே. தொடக்கக் காலக் கணினிகளில் துளையிட்ட அட்டைகளையும் நாடாக்களையும் கையால் இயந்திரத்தில் இட்டு நிரலை ஏற்றினார்கள் என்பதால், அன்று அது சொல்லுக்குச் சொல் ஏற்றுதலாகவே இருந்தது. 'டவுன்லோடு', 'அப்லோடு' என்பவை பெரிய கணினிக்கும் அதனோடு இணைந்த சிறியவற்றுக்கும் இடையே தரவு போய்வந்த காலத்தில் பிறந்தவை. தமிழில் பதிவிறக்கம், பதிவேற்றம் என்று நாம் ஆக்கிக்கொண்டவற்றில் ஏற்றமும் இறக்கமும் சரியாக அமைந்திருக்கின்றன.

பொறியியலில் 'லோடு' மிகவும் கறாரான பொருளை அடைந்தது. கட்டடக் கலையில் அது ஓர் அமைப்பின்மேல் செயல்படும் விசை. நியூட்டன் அலகில் கணக்கிடப்படுவது. கட்டடத்தின் சொந்த எடை 'டெட் லோடு', ஆட்களும் தளவாடங்களும் போன்று வந்துபோகும் எடை 'லைவ் லோடு'. காற்று மோதுவதும் 'லோடு'தான். காற்றைக் கட்டடம் சுமப்பதில்லை; ஆயினும் அது தரும் விசையை எதிர்த்து நிற்க வேண்டியிருப்பதால் இச்சொல் அதற்கும் பொருந்துகிறது. பாரம் என்ற பொருள் இங்கே, தாங்க வேண்டியது எதுவோ அது என்று விரிந்துவிட்டது.

மின்சாரத்தில் 'லோடு' என்றால் மின்னாற்றலை எடுத்துக்கொள்ளும் கருவி, அல்லது அது கேட்கும் ஆற்றலின் அளவு. விளக்குக்கு மின்சாரம் பயன்தானே, சுமை எப்படி ஆகும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. மின்னாக்கியின் பக்கம் நின்று பார்த்தால் விடை கிடைக்கும். எத்தனை கருவிகள் இயங்குகின்றனவோ அத்தனைக்கும் ஈடாக அது உழைக்க வேண்டியிருக்கிறது. ஓர் இயந்திரம் எதை எதிர்த்து உழைக்கிறதோ அது அதன் பளு. இங்கே நேரும் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும்: மின்தடை கூடினால் லோடு கூடும் என்று பலர் எண்ணுகிறார்கள். மாறாத மின்னழுத்தத்தில் தடை குறையும்போதுதான் மின்னோட்டம் மிகுகிறது, அப்போதுதான் லோடு கூடுகிறது.

கப்பலில் 'லோடு லைன்' என்பது, எவ்வளவு ஆழம் வரை கப்பல் அமிழலாம் என்று பக்கச் சுவரில் இடும் குறி. அளவுக்கு மிஞ்சிய சரக்கேற்றி மாலுமிகளின் உயிரைப் பணயம் வைத்த வணிகத்தை எதிர்த்து, பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் நடத்திய நெடும் போராட்டத்தின் விளைவாக, 1876ஆம் ஆண்டுச் சட்டம் இக்குறியைக் கட்டாயமாக்கியது. பின்னர் 1930, 1966 ஆண்டுகளின் பன்னாட்டு உடன்படிக்கைகள் அதை உலகப் பொதுவாக்கின. நன்னீர், வெப்பக் கடல், குளிர்காலக் கடல் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கோடுகள் இருப்பதன் காரணம், நீரின் அடர்த்தியும் கடலின் சீற்றமும் இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுவதே. ஒரு சொல் மனித உயிரைக் காக்கும் கோடாக மாறிய இடம் என்பதால் இதை விட்டுவிட மனமில்லை.

மனத்தின் சுமைக்கும் இச்சொல் வந்தது. கவலை தீர்ந்தால் 'மனத்திலிருந்து ஒரு லோடு இறங்கியது' என்று ஆங்கிலத்திலும் சொல்கிறார்கள். ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988இல் வெளியிட்ட ஆய்விலிருந்து, கற்கும்போது செயல்நினைவின்மேல் விழும் பளுவைக் குறிக்கும் 'காக்னிட்டிவ் லோடு' என்ற கலைச்சொல் கல்வித்துறையில் பரவியது. ஒரே நேரத்தில் மனம் கையாளக்கூடியவை சிலவே, அதற்குமேல் ஏற்றினால் எதுவும் பதியாது என்பது அதன் சாரம்.

இனி 'பர்டன்'. இதன் பிறப்பு நேரானது. பழைய ஆங்கிலத்தில் 'பிர்தன்' என்றிருந்த இது, சும, தாங்கு, ஈன்றெடு என்ற பொருள்களுடைய 'பேர்' என்ற வினையிலிருந்து வந்தது. சுமக்கப்படுவது எதுவோ அது 'பர்டன்'. பிறப்பைக் குறிக்கும் 'பர்த்' என்ற சொல்லும் அவ்வினையின் கிளையே. இந்திய-ஐரோப்பிய மூலவேர் ஒன்றே என்பதால் வடமொழியின் 'பார' என்ற சொல் இதற்குத் தொலைவான உடன்பிறப்பு. அதைத் தமிழ் எடுத்துக்கொண்டு 'பாரம்' என்று வழங்குகிறது. ஆக, 'பாரம்' என்று நாம் சொல்லும்போது 'பர்டன்' என்ற சொல்லின் உறவினரைத்தான் சொல்கிறோம். 'லோடு' என்ற சொல்லுக்கு அத்தகைய உறவு தமிழில் இல்லை. சுமத்தலும் பொறுத்தலும் ஒரே சொல்லில் அடங்குவதில் மட்டும் நம் தனிச்சொல் ஒன்று 'பேர்' வினையோடு ஒத்துப்போகிறது: 'பொறை' என்றால் சுமையும் ஆகும், பொறுமையும் ஆகும். பாட்டின் பல்லவியைக் குறிக்கும் 'பர்டன்' வேறு சொல். பிரெஞ்சு மொழியில் வண்டின் ரீங்காரத்தையும் தாழ்ந்த சுருதியையும் குறிக்கும் 'பூர்தோன்' என்பதிலிருந்து வந்து, வடிவத்தில் இதனோடு கலந்துவிட்டது.

இரண்டையும் எங்கே ஆள்வது என்பதற்கு எளிய உரைகல் உண்டு. அளக்கக்கூடியது, நன்மை தீமை சாராதது, இத்தனை கிலோ, இத்தனை வாட், வாரத்துக்கு இத்தனை மணி என்று எண்ணால் சொல்லத்தக்கது 'லோடு'. சுமப்பவரை வருத்துவது, அவர்மேல் விதிக்கப்பட்டது 'பர்டன்'. மருத்துவத்தில் இரண்டும் அருகருகே வருவதைக் காணலாம். இரத்தத்தில் குறிப்பிட்ட அளவுக்கு எத்தனை வைரஸ் நகல்கள் உள்ளன என்ற எண்ணிக்கை 'வைரல் லோடு'. ஒரு நோயால் சமூகம் இழக்கும் உயிர்களும் ஆரோக்கியமான ஆண்டுகளும் சேர்ந்தது 'டிசீஸ் பர்டன்'. இப்பின்னதையும் உலக வங்கியின் 1993ஆம் ஆண்டு அறிக்கை முதலாக எண்ணால் மதிப்பிட்டு வருகிறார்கள். இருந்தும் அங்கே பொதுவாக 'லோடு' என்று சொல்வதில்லை, ஏனெனில் பேசப்படுவது துன்பம். வழக்கை நிரூபிக்கும் பொறுப்பும் 'பர்டன் ஆஃப் ப்ரூஃப்' மட்டுமே. ஆசிரியரின் வேலை நேரத்தை 'டீச்சிங் லோடு' என்றால் அது நிர்வாகக் கணக்கு. அதே வேலையை 'டீச்சிங் பர்டன்' என்றால் அது முறையீடு.

சுமைக் குடும்பத்தின் மற்றவற்றை விரைவாகச் சொல்லி முடிக்கிறேன். 'சார்ஜ்' என்பது வண்டியைக் குறித்த 'கார்ருஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து, வண்டியில் ஏற்றுதல் என்ற வினை வழியாக வந்தது. கப்பல் சரக்கான 'கார்கோ', அம்சங்களை மிகைப்படுத்தி வரையும் கேலிச்சித்திரமான 'கேரிகேச்சர்' இரண்டும் அதே வினையின் கிளைகள். மின்கலத்தைச் 'சார்ஜ்' செய்வதும் துப்பாக்கியை 'லோடு' செய்வதும் தனித்தனி வேர்களிலிருந்து வந்து ஒரே இடத்தில் சந்திக்கின்றன. 'ஃப்ரைட்' என்ற சரக்குச் சொல்லும், இடர் நிறைந்த என்ற பொருளில் வரும் 'ஃப்ராட்' என்ற அடைமொழியும் இடைக்கால டச்சு, கீழ் ஜெர்மன் மொழிகளின் கப்பல் வணிகத்திலிருந்து வந்த ஒரே சொல்லின் இரு வடிவங்கள். இலத்தீனில் சுமைக்கு 'ஓனஸ்'; குற்றச்சாட்டிலிருந்து ஒருவரை விடுவிப்பதைக் குறிக்கும் 'எக்ஸானரேட்' என்பதன் உள்ளே அது இருக்கிறது, நேர்ப்பொருளில் 'சுமை இறக்கு' என்று.